சுங்கத்துறையும் முகவரும்

கடல் கடந்து கொண்டுவிற்றலைக் குலத்தொழிலாகக் கொண்ட நாம், நம் முன்னோர் ஈட்டிய பொருளைப் பற்றியும், அப்பொருளால் எழுந்த கோயில் திருப்பணிகளைப் பற்றியும், கல்விச்சாலைகளைப் பற்றியும் பலகாலும் பேசி மகிழ்கிறோம். நம் வளவுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டி, இவை இரங்கூனிலிருந்து வந்தவை என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஆனால், அத்தூண்கள் எத்துறையில் இறங்கின, எவர் எழுதிய கடிதத்தின்மேற் கரையேறின, அவற்றின்பொருட்டு இராஜாங்கத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் யாவர் என்பவற்றை நாம் கேட்பதுமில்லை; சொல்வதுமில்லை. வாணிகத்தின் பெருமையைச் சொன்ன நாம் அதன் வாயிற்படியைச் சொல்ல மறந்தோம். அவ்வாயிற்படியே சுங்கத்துறையாகும்.

இவ்விஷயத்தை இப்போது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அண்மையில் நம் இளைஞர் சிலர் அயல்நாடுகளிலிருந்து பண்டங்களைத் தருவிக்கும் தொழிலிற் புகுந்திருக்கின்றனர். அஃது மகிழத்தக்கதே. எனினும், அவருட் சிலர் சுங்கக் காரியம் அனைத்தையும் ஒரு தரகரிடத்தில் ஒப்புவித்து, எழுதாத தாள்களிற் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, அதனோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணியிருக்கக் காண்கிறோம். வேறு சிலர் தம் பெயரிற் பெற்ற இறக்குமதி ஏற்றுமதிக் குறியெண்ணை, வீட்டை வாடகைக்கு விடுவதுபோலப் பிறருக்கு விடுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை வெறும் அறிவுரையாகக் கூறுவதினும், சரித்திர வாயிலாகக் காட்டுவதே நலமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பண்டைத் துறைகள்

சுங்கம் என்பது வெள்ளையர் கொணர்ந்த புதுமையன்று. பழந்தமிழில் இதற்கு உல்கு என்று பெயர். திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களை எண்ணுமிடத்து, உல்கினால் வரும் பொருளையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற்சோழனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையைக் கண்முன் நிறுத்துகின்றார். கடலினின்று இறங்குவனவும் கடலின்மேற் செல்வனவுமாகிய பண்டங்கள் அளவின்றிக் குவிந்து கிடக்க, அரசனுடைய ஆட்கள் சோம்பலின்றி உல்கு கொண்டு, பொதிகளின்மேற் சோழருடைய புலி முத்திரையைப் பொறித்து விடுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. அந்நூலிலேயே, வாங்குங்கால் அளவுக்குமேல் வாங்காமலும், விற்குங்கால் அளவிற் குறைக்காமலும், தாம் கொள்ளும் ஊதியத்தை மறையாது சொல்லியும் விற்ற வணிகர் போற்றப்படுகின்றனர். சுங்கத்துறையும் வணிகரின் வாய்மையும் ஒரே பாட்டில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. சொல்லிற் பொய் இருந்தால் துறையில் முத்திரைக்கு மதிப்பில்லை.

வடமொழியில் கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரமும் இவ்விஷயத்தை விரிவாகக் கூறுகின்றது. நகரவாயிலின் அருகே சுங்கச்சாலையும் கொடியும் இருக்கவேண்டும். அங்கே நான்கைந்து பேர் அமர்ந்து, வந்த வணிகர் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வளவு பண்டம் கொணர்ந்தனர், முதல் முத்திரை எவ்விடத்தில் இடப்பட்டது என்னும் நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் விதி. முத்திரையில்லாத பண்டத்துக்கு இரட்டிப்புச் சுங்கம். பொய் முத்திரைக்கு எட்டு மடங்கு. வரிக்கு அஞ்சி அளவையோ விலையையோ குறைத்துச் சொன்னவனுக்கும் தண்டம் உண்டு. இற்றைநாளிற் சுங்க அலுவலகத்தில் வணிகர் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: தருவிப்பவர் பெயர், வந்த நாடு, அளவு, ஏற்றிய துறைமுகம், விலை என்பனவே அதன் உயிர். ஈராயிரம் ஆண்டுகளாகக் கேள்வி மாறவில்லை. கேள்வி கேட்கும் கருவியே மாறியிருக்கின்றது.

முசிறிப் பத்திரம்

இதுகாறும் கூறியவற்றில் வணிகன் தானே துறையில் நிற்கின்றான். அவனுக்காகப் பிறனொருவன் நிற்கும் முறை எப்போது தோன்றிற்று? நமக்குக் கிடைத்த பழைய சான்றுகளுள் மிகச் சிறந்ததொன்று நம் சேரநாட்டு முசிறித் துறையோடு தொடர்புடையது.

வியன்னா நகரத்துத் தொகுதியொன்றில் எகிப்திய நாணற்றாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பத்திரம் இருக்கின்றது. 1985ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் அதனை வெளியிட்டனர். அது கி.பி. 2ஆம் நூற்றாண்டினது. முசிறிக்குச் சென்று மீளும் வாணிகத்தின்பொருட்டு வாங்கிய கடனைப் பற்றியது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த பண்டங்களின் கணக்கு உள்ளது. கங்கைநாட்டு நறும்பொருளும் யானைத் தந்தமும் அவற்றுட் சேர்ந்தவை. சரக்கின் மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திராக்குமாவும் எனக் குறிக்கப்பட்டிருக்கின்றது. அஃதாவது ஏறக்குறைய 70 இலட்சம் திராக்குமா. அக்காலத்து உரோமப் பேரரசு கீழ்நாட்டுப் பண்டங்களுக்கு விதித்த சுங்கமோ நான்கில் ஒரு பங்கு.

கடன் பெற்ற வணிகன் அப்பத்திரத்தில் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளே நமக்கு வேண்டுவன. செங்கடற் கரையில் இறங்கிய பண்டத்தை ஒட்டகங்களின்மேல் ஏற்றி, காவலோடு பாலைநிலம் கடந்து கொப்தோஸ் என்னும் ஊரிலுள்ள சுங்கப் பண்டகசாலையிற் சேர்ப்பேன். அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே அலெக்ஸாந்திரியாச் சுங்கப் பண்டகசாலைக்குக் கொண்டுபோவேன். ஒவ்வோரிடத்தும் அப்பண்டம் உம்முடைய அல்லது உம்முடைய முகவருடைய அதிகாரத்தின்கீழும் முத்திரையின்கீழும் இருக்கும் என்று அவன் உறுதி கூறுகின்றான்.

இப்பத்திரத்தை ஊன்றி நோக்குங்கால் ஒருண்மை புலனாகும். முதலாளி அலெக்ஸாந்திரியாவிலோ பிறிதோரிடத்திலோ இருக்கின்றான். பண்டம் பல சாவடிகளைக் கடக்கின்றது. எல்லாச் சாவடியிலும் அவனால் நிற்க இயலாது. ஆகவே முகவர் வேண்டும். ஆயினும் பண்டத்தின்மேல் இருப்பது எவருடைய முத்திரை? முகவனே இட்டாலும் அது முதலாளியின் அதிகாரத்தால் இட்ட முத்திரை. முகவன் கை; முதலாளி பெயர். இவ்விரண்டுக்குமுள்ள உறவே இக்கட்டுரையின் சாரமாகும்.

நிற்க. நம் தமிழ் வணிகக் குழுவினரும் அயல்நாட்டுத் துறைகளிலே தாமே ஒழுங்கு வகுத்துக்கொண்டனர். சுமாத்திராத் தீவில் பரூஸ் என்னும் துறைக்கருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சகம் 1010, அஃதாவது கி.பி. 1088ஆம் ஆண்டினது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, கப்பல் தலைவர் முதலானோர் கஸ்தூரியின் விலைக்கு ஏற்ப இவ்வளவு பொன் செலுத்திய பின்னரே உட்புகவேண்டும் என்று விதித்தனர். அரசன் விதித்த வரியன்று இது. வணிகர் தம்முள் விதித்துக்கொண்டது. அக்காலத்திற் சோழநாட்டை ஆண்ட முதற்குலோத்துங்கன் சுங்கந்தவிர்த்த சோழன் எனப் புகழ்பெற்றமையும் யாவரும் அறிவர்.

கி.பி. 1244ஆம் ஆண்டையொட்டி ஆந்திரநாட்டு மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் பொறித்த அபய சாசனமும் நினைக்கத்தக்கது. புயலில் அகப்பட்டுக் கரையொதுங்கிய கப்பல்களின் பொருள்களை முன்னை அரசர் பறித்துக்கொண்டனர். நாம் அவ்வாறு செய்யோம், விதித்த சுங்கம் மட்டுமே கொள்வோம் என்பது அதன் கருத்து. வணிகன் விரும்புவது சுங்கமின்மையன்று. இவ்வளவே என்று வரையறுத்த சுங்கம். எவ்வளவு என்று தெரியாத துறைக்கு எக்கப்பலும் வாராது.

மலாக்காவின் ஷாபந்தர்

வரையறுத்த சுங்கமும் வணிகர் இனத்துக்கு வாய்த்த முகவரும் ஒருங்கே விளங்கிய இடம் 15ஆம் நூற்றாண்டின் மலாக்காவாகும். 1511ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசியர் அதனைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டுமுதல் அங்கே வாழ்ந்த தோமே பிரேஸ் என்பவர், சுல்தான் காலத்து வழக்கங்களை விரிவாக எழுதிவைத்தார்.

அங்கே ஷாபந்தர் என்னும் துறைத்தலைவர் நால்வர் இருந்தனர். கூர்ச்சரர்க்கு ஒருவர், தமிழ்நாடு முதலிய சோழமண்டலக் கரையினர்க்கும் வங்காளம், பெகு, பாசை என்னும் இடங்களினர்க்கும் ஒருவர், சாவகம் முதலிய தீவுகளினர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர். கப்பல் வந்தவுடன் அந்தந்த நாட்டார்க்குரிய ஷாபந்தர் அதன் தலைவனை ஏற்று, மந்திரியிடம் அழைத்துச்சென்று, பண்டகசாலைக்கு இடம் காட்டி, வேண்டிய உதவி செய்வார். மேற்றிசையிலிருந்து வந்த பண்டங்களுக்கு நூற்றுக்கு 6 வீதம் சுங்கம். அப்பண்டங்களை மதிப்பிடுங்கால் கிளிங்கர் என்று அங்கே வழங்கப்பட்ட நம் கரை வணிகர் ஐவரையும், பிற நாட்டு வணிகர் ஐவரையும் அழைத்து, சுங்க அதிகாரியாகிய தெமெங்கோங் முன்னிலையில் விலையை நிச்சயித்தனர்.

இதில் நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. பல நாட்டார் கூடிய அத்துறையில், மதிப்பீட்டுக்கு உரிய பதின்மருட் பாதிப்பேர் நம் கரையினர். அவர்தம் சொல் சென்றது. சொல் செல்வதற்கு முதற்காரணம் செல்வமன்று. அவர்கள் கூறிய விலையை மற்றை நாட்டார் நம்பியதே.

ஷாபந்தர் ஒருபுறம் அரசனுடைய அதிகாரி. மற்றொருபுறம் வணிகருடைய துணை. இருதலைப்பட்ட இந்நிலை, நேர்மையாளனிடத்தில் இரு திறத்தார்க்கும் பாலமாயிற்று. நேர்மையற்றவனிடத்தில் இரு திறத்தாரையும் வஞ்சிக்கும் வாயிலாகவும் ஆகக்கூடியதாயிற்று. பின்வந்த சுங்கமுகவர் வரலாறனைத்தும் இவ்விரு வழிகளின் வரலாறே.

துபாசியும் கிளியரிங் ஏஜெண்டும்

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இடம்பெற்றனர். அப்போது அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்ட நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து பண்டங்களைக் கொணர்ந்தன. கடற்கரைக்கு வந்த பண்டத்துக்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஏட்டுக்கும் இடையே ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவரே துபாசி, இரு பாஷை அறிந்தவர். விலை பேசுதல், ஆள் அமர்த்தல், பணம் மாற்றுதல், சுங்கம் கட்டுதல் ஆகிய யாவும் அவர் வழியே நடந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் அத்தொழில் செய்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டுமுதல் எழுதிய நாட்குறிப்பு, ஒரு துபாசியின் கைக்குள் எத்தனை காரியங்கள் அடங்கியிருந்தன என்பதை நன்கு விளக்கும்.

துபாசியின் ஆற்றல் இரு திறத்தார்க்கும் ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாமையால் விளைந்தது. ஆகவே அறியாமை எவ்வளவு பெரிதோ, இடைநிற்பவர் கையும் அவ்வளவு பெரிதாகும். இது துபாசிக்கு மட்டும் உரிய விதியன்று. இன்று சுங்க அட்டவணையின் எட்டு இலக்கத் தலைப்பெண்களை அறியாத வணிகனுக்கும், அதனை அறிந்த தரகருக்கும் உள்ள உறவும் அத்தகையதே. மொழி மாறியிருக்கிறது; இடைவெளி மாறவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1869ஆம் ஆண்டிற் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. வாணிகம் விரிந்தவுடன், வாய்ச்சொல்லால் நடந்த காரியம் சட்டத்தின்கீழ் வந்தது. 1878ஆம் ஆண்டின் 8ஆவது சட்டமாகிய கடற்சுங்கச் சட்டம் இந்தியத் துறைகள் அனைத்துக்கும் பொது விதி வகுத்தது. பிறர்பொருட்டுச் சுங்கச்சாவடியிற் காரியம் பார்ப்பவர் அதிகாரியின் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் அதன்கண் இடம்பெற்றது. துபாசி போய், அனுமதி பெற்ற முகவர் வந்தார். அவரையே நம்மவர் கிளியரிங் ஏஜெண்டு என்று வழங்கிவந்தனர்.

ஈண்டு நம் மரபினைச் சற்று நினைத்துப் பார்ப்போம். முகவர் என்றால் என்ன என்பதை உலகில் எவர் மறந்தாலும் நாம் மறத்தல் தகாது. நம் முதலாளிமார் ஊரில் இருந்துகொண்டே இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை நடத்தினர். எவ்வாறு? மேலாளை அமர்த்தி, சம்பளச்சீட்டு எழுதி, பவர் பத்திரம் கொடுத்து, மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்பினர். மேலாளுக்குக் கீழ் அடுத்தாள், அவருக்குக் கீழ் பெட்டியடிப் பையன். மேலாள் இடும் கையொப்பம் முதலாளியின் விலாசத்திற்காக இட்டது. அவ்விலாசத்தின் எழுத்துக்களைக் கண்டவுடன் மொகல் வீதிக் கிட்டங்கியிற் பணம் புரண்டது. மேலாள் தவறினால், விலாசம் எங்களுடையதன்று என்று முதலாளி சொல்ல முடியாது. ஆதலாலே மேலாளை அனுப்பிவிட்டு முதலாளி உறங்கவில்லை. கடிதம் வந்தது, கணக்கு வந்தது, ஐந்தொகை வந்தது, ஒவ்வொரு வரியையும் வளவின் முகப்பில் அமர்ந்து வாசித்தனர். நம்பிக்கை வைத்தனர்; கணக்கும் கேட்டனர். இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல என்பதே நம் குலத்து வாணிகத்தின் இரகசியம்.

பர்மா பிரிந்த கதை

எல்லை என்பது எப்போதும் மலையோ கடலோ அன்று; சட்டம் கிழித்த கோடும் எல்லையே. இதனை நம்மவர் நேரிற் கண்ட ஆண்டு 1937.

ஆங்கிலேயர் மூன்று போர்களால் பர்மாவைப் பிடித்து, இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆண்டுவந்தனர். அதனால் இரங்கூன் அரிசியும் மௌல்மீன் தேக்கும் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வருதல், ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்கு வருதலாகவே கருதப்பட்டது. கடல் நடுவே இருந்தும் சட்டத்தின் கண்ணில் அயல்நாடு இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி 1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் நாள் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. அன்றுமுதல் அதே கப்பல், அதே தேக்கு, அதே துறை; ஆயினும் பண்டம் அயல்நாட்டுப் பண்டமாயிற்று. வாணிகம் நிலைகுலையாவண்ணம் சில ஆண்டுகளுக்குப் பழைய நிலையே தொடர ஓர் ஏற்பாடு செய்யப்பட்டதேனும், எல்லை எல்லையே. அதுகாறும் வேண்டாத கடிதங்களும் சான்றுகளும் வேண்டப்படும் காலம் வந்தது.

நம் நாட்டுக்கு உள்ளேயும் இத்தகைய எல்லைகள் இருந்தன. புதுச்சேரி, காரைக்கால் என்பன பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தமையால், அவற்றின் வரப்பை மிதித்தவன் அயல்நாட்டை மிதித்தவனானான். 1924ஆம் ஆண்டின் நிலச்சுங்கச் சட்டம் இத்தகைய எல்லைகளுக்கென்றே ஏற்பட்டது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அப்பகுதிகள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தபின் அவ்வெல்லை மறைந்தது.

ஓரெல்லை தோன்ற, மற்றோரெல்லை மறைகின்றது. வணிகன் தன் பண்டத்தை மட்டும் அறிந்தாற் போதாது. தன் பண்டம் எக்கோட்டைக் கடக்கின்றது, அக்கோட்டில் இன்றைய விதி யாது என்பதையும் அறிதல் வேண்டும். நேற்றைய விதி இன்று உதவாது. முகவரை நாடுவதற்கு உண்மையான காரணம் இதுவே. இவ்வறிவை நாள்தோறும் புதுக்கிக்கொள்வதே அவர் தொழில்.

இன்றைய சட்டம்

விடுதலைக்குப் பின் 1878ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 1962ஆம் ஆண்டின் 52ஆவது சட்டமாகிய சுங்கச் சட்டம் இயற்றப்பட்டது. முகவர்க்கு உரிமம் வேண்டும் என்பது அதன் 146ஆவது பிரிவு. 2013ஆம் ஆண்டில் கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்டு என்னும் பெயர் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று மாற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த உரிம விதிகளின்படி, உரிமம் நாடுபவர் எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறவேண்டும். உரிமத்தைப் பிறர்க்கு விற்கவோ மாற்றவோ கூடாது. தரகர் தம் கட்சிக்காரரிடமிருந்து அதிகாரப்பத்திரம் பெறவேண்டும். அவர் யாவர், அவருடைய குறியெண் உண்மையானதா, அவர் சொன்ன முகவரியில் தொழில் நடத்துகின்றாரா என்று ஆராயவேண்டும். சட்டப்படி நடக்குமாறு அவருக்கு எடுத்துரைக்கவேண்டும். அவர் கேளாவிடின் அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். மலாக்காவின் ஷாபந்தருக்கிருந்த இரு முகங்களும் இவ்விதிகளில் இன்னும் விளங்குகின்றன.

தரகரை அமர்த்தியே தீரவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பண்டத்துக்கு உரியவர் தாமே பத்திரம் தாக்கல் செய்யலாம். எனினும் பழக்கமில்லாதவர் அவ்வாறு செய்தல் எளிதன்று. தலைப்பெண் ஒன்று மாறினால் வரி மாறும். அறிவிக்கை ஒன்றைக் கவனியாவிடிற் சலுகை போகும். பத்திரம் தாமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம். பெட்டகம் துறையிற் கிடக்குந்தோறும் டெமரேஜ் ஏறும். 30 நாட்களுக்குள் விடுவியாத பண்டத்தை முறைப்படி அறிவித்து விற்றுவிடவும் சட்டம் இடந்தருகின்றது. ஆகவே நல்ல தரகர் கொள்ளும் கூலி வீண்செலவன்று.

ஆனால், அதே சட்டத்தின் 147ஆவது பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். உரியவருக்காக முகவர் செய்த காரியம், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, உரியவருடைய அறிவோடும் இசைவோடும் செய்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. 2011ஆம் ஆண்டுமுதல் வரியைக் கணக்கிட்டுச் சொல்லும் கடமையே தருவிப்பவருடையதாயிற்று. அதிகாரி அதனைச் சரிபார்ப்பவரே. குறைவாகக் கட்டிய வரியை 2 ஆண்டுகளுக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே பொய் கூறியதாகவோ மறைத்ததாகவோ காணப்பட்டால் 5 ஆண்டுகள் வரையிற் கேட்கலாம். 2020ஆம் ஆண்டுச் செப்டெம்பர் முதல், உடன்படிக்கை நாடுகளிலிருந்து வரிச்சலுகையோடு தருவிப்பவர், அப்பண்டம் உண்மையில் அந்நாட்டிலே விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்பதற்குரிய விவரங்களைத் தாமே வைத்திருத்தல் வேண்டும். சான்றிதழ் ஒன்றைக் காட்டிவிட்டு நிற்றல் போதாது.

அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறை, அக்டோபர் இறுதிக்குள் நாடெங்கும் பரவிற்று. சென்னையிற் கொடுத்த பத்திரத்தைப் பிறிதோர் ஊரிலுள்ள அதிகாரி கணினி வாயிலாகப் பார்க்கின்றார். அதிகாரியை எனக்குத் தெரியும் என்று சொல்லித் தொழில் பிடித்த தரகர் காலம் மங்கிவிட்டது. பத்திரத்தில் எழுதியதே இனிப் பேசும். எழுதியதன் உண்மையே வணிகனைக் காக்கும்.

நாம் கண்ட ஒரு செய்தி

நம் அன்பர் ஒருவர் பட்ட பாட்டை ஈண்டுக் கூறுவோம். பெயர் கூற வேண்டுவதில்லை. அவர் தம் மைந்தனுக்குத் தொழில் அமைத்துக்கொடுக்க விரும்பி, குறியெண் பெற்று, கீழ்நாட்டிலிருந்து வீட்டுச் சாமான்களைத் தருவித்தார். சுங்கக் காரியத்தை ஒரு தரகரிடம் ஒப்புவித்தார். பையன் கையொப்பமிட்ட வெற்றுத்தாள்கள் அத்தரகரிடம் இருந்தன. பண்டங்கள் தாமதமின்றி வந்தன, எல்லோரும் மகிழ்ந்தனர். மூன்றாண்டுகள் கழிந்தபின் வீட்டுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பண்டங்களை வேறொரு தலைப்பின்கீழ்க் காட்டி வரி குறைத்ததாக அதில் இருந்தது. மேலும், தாம் தருவியாத இரண்டு சரக்குகளும் தம் மைந்தன் குறியெண்ணில் வந்திருத்தலை அவ்வறிவிப்பால் அவர் அறிந்தார். தரகரைத் தேடிச்சென்றபோது அவர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. இவர் கையிலோ ஒரு பத்திரத்தின் நகல்கூட இல்லை.

அப்பெரியவர் நம்மிடம் வந்து சொன்ன சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. “எங்கள் ஐயா இரங்கூன் கடை ஐந்தொகையில் ஓரணா இடித்தால் இரவெல்லாம் விளக்கை அணைக்கமாட்டார். நான் மூன்று வருஷமாக ஒரு காகிதம் கேட்கவில்லை” என்றார் அவர். தரகர் குற்றமுடையவரே, சட்டம் அவரைத் தொடரும். ஆனால் அறிவிப்பு வந்தது அவர் வீட்டுக்கன்று, இவர் வீட்டுக்கு.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாதெனில், சுங்கத்துறையில் இடைநிற்பவர் பழங்காலந்தொட்டே உண்டு, அவர் இன்றியமையாதவர், ஆயினும் முத்திரை எக்காலத்தும் முதலாளியுடையது. புலிப்பொறி பொறித்த நாளில் அது மூட்டையின்மேல் இருந்தது. முசிறிப் பத்திரத்தில் அது மெழுகிலோ மண்ணிலோ இருந்திருக்கும். நம் பாட்டனார் காலத்தில் அது விலாசத்தின் எழுத்துக்களில் இருந்தது. இன்று அது பத்து எழுத்துக் குறியெண்ணிலும் கணினிக் கையொப்பத்திலும் இருக்கின்றது. விலாசத்தை வாடகைக்கு விட்ட நகரத்தாரை நாம் கேட்டதுண்டோ? குறியெண்ணை வாடகைக்கு விடுதலும் அதுவே.

ஆதலின் நம் இளைஞர்க்குச் சில சொல்லி முடிப்போம். தரகரை அமர்த்துமுன் அவர் உரிமம் உடையவரா, எத்துறையில் காரியம் பார்ப்பவர் என்று கேளுங்கள். அதிகாரப்பத்திரத்தை எக்காரியத்துக்கு என்று குறித்துக் கொடுங்கள். வெற்றுத்தாளிற் கையொப்பம் இடாதீர்கள். பண்டம் யாது, எதனாற் செய்தது, எதற்குப் பயன்படுவது என்பதை ஒளியாமல் எழுத்தில் அவருக்குத் தெரிவியுங்கள். உங்கள் சொல்லிற் குறை இருந்தால் அவர் எழுத்திலும் குறை இருக்கும். தலைப்பெண்ணை அவர் எக்காரணத்தால் தெரிந்தெடுத்தார் என்று ஒருமுறையேனும் கேட்டறியுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் இறக்குமதிப் பத்திரம், விலைச்சிட்டை, கப்பற்சீட்டு, வரி கட்டிய இரசீது ஆகியவற்றின் நகலை ஓரேட்டிற் சேர்த்து, ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருங்கள். உங்கள் குறியெண்ணில் எவ்வெச் சரக்கு வந்தது என்பதை மாதந்தோறும் பாருங்கள். மேலாளிடம் ஐந்தொகை கேட்ட குலத்துக்கு இது புதிய பழக்கமன்று, மறந்த பழக்கம்.

மற்றொன்றும் கூறவேண்டும். படித்த நம் பிள்ளைகளுள் சிலர் இச்சுங்கத் தரகர் தேர்வையே எழுதலாகாதா? நாடுகளின் விதிகளைக் கற்று, வணிகர்க்கும் அரசுக்கும் இடையே நேர்மையோடு நிற்றல் தாழ்ந்த தொழிலன்று. மலாக்காத் துறையில் பதின்மருள் ஐவராக அமர்ந்து விலை சொன்னவர் வாழ்ந்த கரையில் நாமும் பிறந்தோம். அவர்தம் சொல்லுக்கு இருந்த மதிப்பை நம் பிள்ளைகள் இன்றைய துறையிலும் ஈட்டுவார்களாயின், வளவிலுள்ள தேக்குத் தூண்களைக் காட்டிப் பெருமை பேசுவதற்கு நமக்கு அப்போதே உரிமை உண்டாகும்.